உதவி பெறும் பள்ளியில் சமய வகுப்பு கட்டாயமா?

கோவைப் பக்கத்துத் தாய் ஒருவர் கேட்டிருக்கிறார்: பையனை மத வகுப்பில் உட்காரச் சொல்கிறார்களாம், சேவை முகாமுக்கும் கூப்பிடுகிறார்களாம், மறுக்கலாமா?

வகுப்பை மறுக்கலாமுங்க. அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவுப்படி, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனையே கூடாது. உதவி பெறும் பள்ளியில் நடத்தலாம். ஆனால் சிறுவயதுப் பிள்ளை கலந்துகொள்ளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். சம்மதமில்லை என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சேவை முகாம் நடத்தும் நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) வேறு சங்கதி. 1969-ல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஏழு நாள் முகாமுக்கு அவசியம் அனுப்புங்கள். (சோறு மட்டும் சுமார்தான்.) ப்ளஸ் ஒன்னில் எங்கள் முகாம் நொய்யல் கரையோர ஊரொன்றில். சீமைக்கருவேல முள் உள்ளங்கையில் ஏறி நான் முழித்தபோது, ஒரு ஆத்தா எருக்கம்பாலைச் சொட்டவிட்டு, "படிக்கிற புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு கண்ணு?" என்றார்.