லெக்சர்: சொற்பொழிவா, விரிவுரையா?

அன்புள்ள ஐயா,

கல்லூரி விழா அழைப்பிதழைத் தமிழில் எழுதும் பொறுப்பு எனக்கு. ஆங்கிலத்தில் 'லெக்சர்' என்று இருந்ததைச் 'சொற்பொழிவு' என்று எழுதினேன். 'விரிவுரை' என்பதுதான் சரி என்கிறார் துறைத் தலைவர். எது சரி? இதே சொல்லைச் 'சும்மா லெக்சர் அடிக்காதே' என்றும் சொல்கிறோமே, அது எப்படி?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நான் உங்கள் துறைத் தலைவர் கட்சி.

லெக்சர் என்ற சொல்லுக்குள் இருப்பது பேச்சு அல்ல, வாசிப்பு. 'லெகெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. வாசித்தல் என்று பொருள். அச்சு வருவதற்கு முன் புத்தகம் என்றால் கையால் எழுதிய பிரதி, எல்லா மாணவரிடமும் இருக்காது. ஆசிரியர் நூலை வாசித்து விளக்குவார், மற்றவர்கள் கேட்பார்கள். இத்தாலியின் பொலோனியா நகரில் நடந்த அப்படி ஒரு வகுப்பை 14ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று காட்டுகிறது. உயரமான இருக்கையில் ஆசிரியர், அவர் முன்னால் விரித்த புத்தகம். மாணவர்களில் சிலர் புத்தகத்தில் கண்ணாக இருக்கிறார்கள், சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் மேசையில் சாய்ந்து தூங்கியே விட்டார். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் லெக்சரை 'ஃபோர்லேசுங்' என்கிறார்கள். முன்னால் நின்று வாசிப்பது என்றுதான் அதற்கும் அர்த்தம்.

நம்மிடம் 'உரை' இருக்கிறதே! 'பரிமேலழகர் உரை' என்றால் குறளுக்கு எழுதிய விளக்கம். 'தலைமை உரை' என்றால் மேடைப் பேச்சு. நூலுக்கு விளக்கம், சபையில் பேச்சு, இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. அதனால்தான் 'விரிவுரை' லெக்சருக்கு இவ்வளவு பொருந்துகிறது. 'சொற்பொழிவு' அழகான சொல், ஆனால் அதில் இருப்பது மழை. சொல் பொழிய வேண்டும், கேட்பவர் நனைய வேண்டும். அது ஆங்கிலத்தில் 'ஒரேஷன்' என்கிற அலங்கார மேடைப் பேச்சின் பக்கம் போகிற சொல்.

கேட்பவர் குறிப்பெடுக்க நோட்டைத் திறந்தால் அது லெக்சர். தேர்தல் மேடையில் நடப்பது ஸ்பீச், அதை யாரும் லெக்சர் என்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது 'லெக்சர்' என்ற சொல்லோடு சாதாரணமாக 'கிவ்', விழா அழைப்பு என்றால் 'டெலிவர்' சேர்த்து எழுதுங்கள். தலைப்புக்கு முன்னால் 'ஆன்' வரும்.

அப்புறம், அந்த 'லெக்சர் அடிப்பது'. ஆங்கிலத்திலேயே அந்தச் சொல்லுக்குக் கண்டிப்பது, புத்தி சொல்வது என்ற பொருள் வந்துவிட்டது. வகுப்புக்கு நாமாகப் போகிறோம். கேட்காமலே வகுப்பு நம்மைத் தேடி வந்தால் கசக்கத்தானே செய்யும்? தமிழில் 'பிரசங்கம்' மரியாதையான சொல்தான், ஆனால் அதிலிருந்து பிறந்த 'அதிகப்பிரசங்கி' வசவு. 'லெக்சர்' போன வழியும் இதுதான்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்குள் 'விரிவுரை' என்று மாற்றிவிடுங்கள். ஒருவேளை விருந்தினர் வாழ்த்திப் பேச மட்டும்தான் வருகிறார் என்றால், மாற்ற வேண்டியது ஆங்கிலத்தில் இருக்கும் 'லெக்சர்' என்ற சொல்லை.