அணு மாடல் எல்லாம் குழம்புதா? படத்தை விட்டுட்டு கேள்வியைப் பிடிங்க

கேள்வி: என் பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா. டால்டன், தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர்னு ஒவ்வொரு அணு மாடலையும் மனப்பாடம் பண்றா, ரெண்டே நாள்ல எல்லாத்தையும் கலந்துடுறா. எல்லாமே தப்புன்னு ஆயிடுச்சுன்னா எதுக்குப் படிக்கணும்னு வேற கேக்குறா. எப்படிச் சொல்லிக்குடுக்குறது?

பதில்: உங்க பொண்ணு கேக்குறது ரொம்ப நியாயமான கேள்விங்க. படத்தை மனப்பாடம் பண்ணா கண்டிப்பா குழம்பும். அதுக்குப் பதிலா, ஒவ்வொரு மாடலும் எந்த இடத்துல மாட்டிக்கிச்சுங்கறதை மட்டும் பிடிச்சுக்கச் சொல்லுங்க, அடுத்த மாடல் தானா ஞாபகம் வரும்.

டால்டன் 1808-ல, ஒரு சேர்மத்துல தனிமங்கள் ஏன் எப்பவும் ஒரே எடை விகிதத்துல சேருதுன்னு உடையாத அணுவை வெச்சு விளக்கினார். 1897-ல தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடிச்சதும், அணுவுக்குள்ளயும் ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா எலக்ட்ரானுக்கு நெகடிவ் சார்ஜ், அணுவோ நியூட்ரல், அப்போ பாசிடிவ் எங்கே? அணு முழுக்கப் பரவிக் கிடக்குதுன்னார் தாம்சன்.

இங்கதான் கொஞ்சம் நின்னு சொல்லிக்குடுங்க. 1909-ல மான்செஸ்டர்ல ரூதர்ஃபோர்டு லேப்ல கைகரும், அப்போ இன்னும் டிகிரிகூட முடிக்காத மார்ஸ்டனும், மெல்லிசான தங்கத் தகடு மேல ஆல்ஃபா துகளை (பாசிடிவ் சார்ஜ் உள்ள, வேகமா பாயுற துகள்) விட்டு, இருட்டு ரூம்ல மைக்ராஸ்கோப் வழியா திரையில விழுற ஒளிப்புள்ளிகளை ஒண்ணொண்ணா எண்ணினாங்க. பெரும்பாலானது நேரா போயிடுச்சு, ஆயிரக்கணக்குல ஒண்ணு மட்டும் திரும்பி வந்துச்சு. ஆல்ஃபா துகள் எலக்ட்ரானைவிட 7000 மடங்குக்கு மேல கனம், அதனால எலக்ட்ரான் அதைத் திருப்பி அனுப்ப முடியாது, பரவிக் கிடக்குற பாசிடிவ் சார்ஜுக்கும் அவ்வளவு பலம் இல்ல. அப்போ பாசிடிவ் சார்ஜும் கனமும் நடுவுல ஒரு துளியூண்டு இடத்துல குவிஞ்சிருக்கணும், இதுதான் அணுக்கரு. இந்த முடிவுக்கு வர ரூதர்ஃபோர்டுக்கே 1911 வரைக்கும் ஆச்சு, அதனால உங்க பொண்ணுக்கு ஒரே நாள்ல புரியலேன்னா பரவாயில்ல.

சரி, பழைய இயற்பியல்படி கருவைச் சுத்துற எலக்ட்ரான் ஒளியை வெளியிட்டுட்டே சக்தி இழந்து கண நேரத்துல உள்ள விழணுமே, ஏன் விழல? அதோட ஹைட்ரஜன் ஏன் 656 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு மாதிரி குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் தருது? இந்த ரெண்டுக்கும் சேர்த்து 1913-ல போர் சொன்ன பதில், எலக்ட்ரானுக்கு சில ஆற்றல் நிலைகள் மட்டும்தான் உண்டு, மேல இருந்து கீழ தாவும்போது ஒளி வரும். மூணாவதுல இருந்து ரெண்டாவதுக்குத் தாவினா அந்தச் சிவப்பு. ஹைட்ரஜனுக்கு அருமையா பொருந்துச்சு, ரெண்டு எலக்ட்ரான் இருக்குற ஹீலியத்துலயே மாட்டிக்கிச்சு. எலக்ட்ரானுக்கு அலைத்தன்மையும் உண்டுன்னு 1924-ல டி பிராய் சொன்ன பிறகு, 1926-ல ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்து வட்டப்பாதைங்கற எண்ணத்தையே எடுத்துடுச்சு, எலக்ட்ரான் எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்புன்னுதான் சொல்ல முடியும்.

நெறைய பசங்க பண்ற ஒரு தப்பு, ரூதர்ஃபோர்டு மாடல் படத்துல நியூட்ரானையும் (கருவுக்குள்ள இருக்குற சார்ஜ் இல்லாத துகள்) வரைஞ்சுடுவாங்க. சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடிச்சதே 1932-லதான், ஷ்ரோடிங்கருக்கும் 6 வருஷம் கழிச்சு!

தப்புன்னா எதுக்குப் படிக்கணும்னு கேட்டாள்ல, அதுக்கு இதைக் காட்டுங்க. வேதிச் சமன்பாட்டைச் சமன் பண்ணும்போது அவ இன்னைக்கும் டால்டன் அணுவைத்தான் எண்ணுறா. ஹைட்ரஜன்ல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் (இது ஆற்றலோட ஒரு அலகு) வேணும்னு போர் கணக்கு சொல்லுது, ஷ்ரோடிங்கர் கணக்குலயும் அதே 13.6 தான் வரும். போர் கணக்கை அவளையே ஒரு தடவை போட்டுப் பாக்கச் சொல்லுங்க, அரைப் பக்கம்தான்.