இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு வீடு: வாசகர் கேள்விகள்

விற்ற வீட்டைக் காலி செய்ய வேண்டும், அடுத்த வீடு இன்னும் கைக்கு வரவில்லை, நடுவில் குடும்பத்தோடு எங்கே இருப்பது? இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைத்தான் கேட்கின்றன. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

மதுரை எஸ்.எஸ். காலனி வீட்டை விற்றுவிட்டோம். திருப்பாலையில் கட்டும் வீடு நான்கு மாதத்தில் முடியும் என்கிறார் என்ஜினீயர். நான்கு மாதம் என்று சொன்னாலே யாரும் வாடகைக்குத் தருவதில்லை. பதினோரு மாதம் என்று சொல்லிக் குடிபோய், நடுவில் காலி செய்துவிடலாமா?

செய்யலாம், நஷ்டம் உங்களுக்குத்தான். வாடகை 14,000 என்று வைத்துக்கொள்வோம். சொன்னதற்கு முன்னால் காலி செய்தால் அட்வான்ஸில் இரண்டு மாதத்தைப் பிடித்துக்கொள்வார்கள், 28,000 போச்சு. அதற்குப் பதில் உள்ளதைச் சொல்லி, மாதம் 3,000 கூடத் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். நான்கு மாதத்துக்கு 12,000தான் அதிகம். வாசலில் சண்டையும் இருக்காது.

கேட்கிற இடமும் முக்கியம். குடியிருக்க ஆள் தேடுகிறவரிடம் போனால் பதினோரு மாதம்தான் பேசுவார். விற்பனைக்குப் போட்டு ஆள் வராமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அய்யர் பங்களா, நாராயணபுரம் பக்கம் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். வீடு பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவோம், ஒரு மாத நோட்டீஸில் காலி செய்வோம் என்று எழுதிக் கொடுத்தால் அந்த வீட்டுக்காரர் யோசிப்பார். அவருக்கும் குறுகிய காலம்தான் வசதி. இன்னொன்று, ஆனி கடைசியில் காலியாகும் வீடு. ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், எப்படியும் ஆவணி வரை சும்மா கிடக்கும். ஆடிக்கு முன்பே நீங்கள் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டால் போதும்.

புரோக்கர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பார். நான்கு மாதக் குடித்தனத்துக்கு அது ரொம்ப அதிகம், பாதிக்குப் பேசுங்கள். அப்புறம், என்ஜினீயர் சொன்ன நான்கு மாதத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை வருகிறதா? வருகிறது என்றால் 'தேவைப்பட்டால் அதே வாடகையில் மாதா மாதம் நீட்டிக்கலாம்' என்ற வரியை ஒப்பந்தத்தில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

வீட்டை வாங்கியவர் "இரண்டு மாதம் இருந்துட்டுப் போங்க" என்று வாயால் சொன்னார். கிரயம் முடிந்த மறு வாரமே காலி செய்யச் சொல்கிறார்.

பத்திரம் பதிவான பிறகு வீடு அவருடையது. கிரய ஒப்பந்தம் போடும்போதே சாவி கொடுக்கும் தேதியை எழுதி, அதுவரை ஒரு தொகையை அவரிடமே நிறுத்தி வைத்திருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. இனி வாடகை தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொண்டால் எழுதி வாங்குங்கள்.

வீடு விற்ற பணம் கையில் இருந்ததால், பழங்காநத்தத்தில் 7 லட்சத்துக்கு ஒரு வருட ஒத்திக்கு (மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருந்துவிட்டு, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்குவது) போனோம். வருடம் முடிந்து பணம் கேட்டபோதுதான் தெரிந்தது, ஒத்திக்கு விட்டவரே அங்கே வாடகைக்கு இருந்தவராம். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் இருக்கிறார். எங்களிடம் இருப்பது நோட்டரி கையெழுத்துப் போட்ட ஸ்டாம்ப் பேப்பர் மட்டும்.

உங்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். பேசிப் பழகி, வீட்டுக்குள் உட்காரவைத்துக் காபி கொடுத்து ஏமாற்றியிருக்கிறார்கள். வக்கீலைப் பார்க்காமல் சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள். பேங்க் வழியாகப் பணம் போன ஆதாரம், ஒப்பந்தம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும் சிவில் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடக் கெடு உண்டு, அதைத் தவறவிடாதீர்கள்.

ஒத்தியைப் பற்றி மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 'வாடகையே இல்லை, போட்ட பணம் அப்படியே திரும்பி வரும்' என்று இதைக் கொண்டாடாத தெரு மதுரையில் இல்லை. சொத்து மாற்றுச் சட்டப்படி ஒத்தி என்பது அடமானம். 100 ரூபாயோ அதற்கு மேலோ கொடுக்கிற ஒத்தி என்றாலே, இரண்டு சாட்சி வைத்துப் பத்திரமாகப் பதிவு செய்ய வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரும் நோட்டரி சீலும் அந்த வேலையைச் செய்யாது. பதிவு என்றதும் 'அது எதுக்குங்க வீண் செலவு' என்று நழுவுகிற வீட்டுக்காரரிடமிருந்து நீங்களும் நழுவி வந்துவிடுங்கள். பத்திரத்து நகலைக் கேளுங்கள். சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். வீட்டு வரி ரசீதில் யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டின் மேல் பேங்க் கடன் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். கடன் நின்றுபோனால் 2002ஆம் வருடச் சட்டப்படி பேங்க் வழக்குப் போடாமலே வீட்டை எடுத்துக்கொள்ள முடியும். அப்போது நீங்கள் கொடுத்த லட்சங்களைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், இரண்டு வீட்டுக்கு நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு ஒத்தி ஆகாது. வீட்டுக்காரர் உங்கள் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கப் போவதில்லை. மகள் கல்யாணத்துக்கோ கடைச் சரக்குக்கோ அது போயிருக்கும். காலி செய்கிறேன் என்றால் 'அடுத்த ஆள் வரட்டும், வாங்கித் தர்றேன்' என்பார். நீங்கள் அட்வான்ஸ் கொடுத்து வைத்திருக்கும் வீட்டின் கிரயத் தேதி அதுவரை காத்திருக்குமா? வாடகை மிச்சம் என்று கணக்குப் போட்டு, வாங்க வேண்டிய வீட்டைக் கோட்டைவிட்டவர்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஆறு மாதத்துக்கு முன் காலி செய்தால் அட்வான்ஸ் முழுவதும் கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். புரோக்கர் சும்மா ஃபார்மாலிட்டி என்றதால் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற ஊர் இது. இரண்டு பக்கத் தாளைப் படிக்க நேரமில்லையா? ஆறு மாதமும் இருந்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் இடத்துக்கு வேறு குடும்பத்தைப் பிடித்துக் கொடுத்துச் சமாதானம் பேசுங்கள்.

பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் பற்றிய 2017ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ். ஆனால் 'வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்' என்று ஒரு ஓட்டையும் வைத்திருக்கிறார்கள். பத்து மாதத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டால் பத்து மாதம்தான். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள், நாளைக்குத் தகராறு என்று வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னவர் கே.கே. நகரில் வீட்டின் போட்டோ அனுப்பினார். 'கேட் பாஸ்' என்று 2,500, அட்வான்ஸ் என்று 20,000 போனில் அனுப்பினேன். இப்போது நம்பர் சுவிட்ச் ஆஃப்.

படிப்பதை நிறுத்திவிட்டு, சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தக் கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு. வெட்கப்பட ஒன்றுமில்லை, இது ஊர் ஊராக நடக்கிற பழைய தந்திரம்.

வீட்டுக்காரர் கரண்ட்டுக்கு யூனிட் 10 ரூபாய் கேட்கிறார்.

அந்த வீட்டுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இணைப்பு எண்ணை வாங்கி நீங்களே ஆன்லைனில் கட்டுங்கள், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் உங்களுக்கே வரும். தனி இணைப்பு இல்லாவிட்டால் வேறு வீடு பாருங்கள்.

வீடு விற்ற லாபத்துக்கு வரி வரும் என்று பயந்து அவசரமாக ஒரு பிளாட்டுக்கு டோக்கன் கொடுக்கப் போகிறோம்.

பொறுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால், வேறு வீடு வாங்க இரண்டு வருடமும் கட்ட மூன்று வருடமும் வருமான வரிச் சட்டத்தில் அவகாசம் உண்டு. ரிட்டர்ன் தாக்கல் கெடுவுக்குள் லாபத் தொகையை பேங்கில் இதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும். சாதாரண டெபாசிட் செல்லாது. ஆடிட்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் பிளாட்டைப் பாருங்கள்.

தற்காலிக வீட்டுக்கு ஆடித் தள்ளுபடியில் சோபா வாங்கலாமா?

வேண்டாம். அப்படி வாங்கிய ஒரு மூலை சோபா என் மொட்டை மாடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. எந்த வீட்டு மூலையிலும் அடங்கவில்லை. வண்டி கொண்டு வந்தால் நீங்களே எடுத்துப் போகலாம்.