நான்கு நாளுக்கு எட்டு உடுப்பா?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே ஒரு முந்திரிப் பருப்பு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். இப்போது விற்பனைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மாதம் ஒரு முறையாவது சென்னை, பெங்களூரு என்று மூன்று நான்கு நாட்கள் போக வேண்டியிருக்கிறது. வரும் ஜனவரியில் டெல்லியும் உண்டு. சென்ற முறை நான்கு நாள் பயணத்துக்கு ஐந்து சேலை, மூன்று சுடிதார், மூன்று ஜோடி செருப்பு கொண்டுபோனேன். பாதி மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது; உடுத்தியவையோ கசங்கிக் கிடந்தன. கூட வந்தவர் தோளில் ஒரு பையோடு வந்து, "வீடு மாறுகிறீர்களா?" என்று கேட்டார். சேலையை விட்டுவிட்டு பேன்ட், கோட்டுக்கு மாறிவிடட்டுமா? எந்த மாதிரிப் பெட்டி வாங்கலாம்? அம்மா வேறு, கடைசி நிமிடத்தில் எதையாவது திணித்துவிடுகிறார்.
– ஒரு வாசகி, அழகியமண்டபம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

சேலையை விட வேண்டாம். உங்களுக்குப் பழகிய உடை அது. நாள் முழுவதும் அதில் நடந்து, உட்கார்ந்து, பேருந்து ஏறிப் பழகியவர் நீங்கள். புதிதாக ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு, கை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாடிக்கையாளர் முன்னால் உட்காருவதைவிட, பழகிய சேலையில் விலை பேசுவது எவ்வளவோ மேல். பேன்ட்டும் சட்டையும் உங்களுக்குப் பிடித்திருந்தால் அது வேறு விஷயம். பெட்டி கனக்கிறது என்பதற்காக மாறாதீர்கள். பெட்டி கனத்ததற்குக் காரணம் சேலை இல்லை.

நாளை எண்ணி உடை எடுத்ததுதான் காரணம். நான்கு நாள் என்றதும் நான்கு உடை, மழைக்கு ஒன்று, கறை பட்டால் ஒன்று, யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் ஒன்று. இப்படித்தான் எட்டு சேர்ந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை சவுகார்பேட்டையில் உங்களைப் பார்க்கிற மொத்த வியாபாரியும், புதன்கிழமை பெங்களூரு யஷ்வந்த்பூர் சந்தையில் பார்க்கிறவரும் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அந்த அம்மா என்ன நிறத்தில் வந்தார்?" என்று விசாரிக்கப் போவதில்லை. ஒரே சேலையை இரண்டு ஊரில் உடுத்தினால் அது இரண்டு உடை. ஆகவே நாட்களை விடுங்கள். யார் யாரைப் பார்க்கப் போகிறீர்கள், அவர்களில் யார் உங்களை இரண்டாம் முறையும் பார்ப்பார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். பெரும்பாலான பயணங்களில் அந்த எண்ணிக்கை இரண்டைத் தாண்டாது.

அடுத்தது நிறம். டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று பருப்பைத் தரம் பிரிப்பவர்களுக்கு நடுவே வேலை செய்கிறீர்கள். ஒரு பெட்டியில் ஒரு தரம்தானே போகும்? உங்கள் பெட்டியிலும் அப்படி ஒரே நிறக் குடும்பம் போகட்டும். கருநீலமும் அரக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருநீலத்தில் சின்னப் பூப்போட்ட ஒரு கிரேப் சேலை. அரக்கு நிறத்தில் நீலக் கரையிட்ட ஒரு மெல்லிய பட்டுப்பருத்திச் சேலை. கருநீல ரவிக்கை ஒன்று, அரக்கு ரவிக்கை ஒன்று. இரண்டும் இரண்டு சேலைக்கும் மாற்றி மாற்றிப் பொருந்த வேண்டும். உள்பாவாடை கருநீலம் ஒன்றே போதும். உண்மையில் சேலைப் பெட்டியைப் பெருக்குவது சேலை அல்ல, ஒவ்வொரு சேலைக்கும் தனித்தனியாகச் சேரும் ரவிக்கையும் பாவாடையும்தான். அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

ரயிலில் போட்டுக்கொள்ள ஒரு கருநீல பேன்ட்டும் குர்தாவும். அதே பேன்ட்டுக்குப் பொருந்தும் இன்னொரு நல்ல குர்தா பெட்டிக்குள். இதோடு இரவு உடை ஒன்று, உள்ளாடை மூன்று செட், ஒரு பெரிய துப்பட்டா. ரயிலின் குளிர்பதனப் பெட்டியில் இரவு இரண்டு மணிக்குப் போர்வையாகவும், அலுவலகங்களில் குளிர்விப்பானை வீம்புக்கு வைப்பவர்கள் முன்னால் சால்வையாகவும் அந்தத் துப்பட்டா உதவும். அவ்வளவுதான் நான்கு நாள் உடை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது செருப்பு. பெட்டியில் அதிக இடம் பிடிப்பதும், அதிகம் கனப்பதும், மடிக்க முடியாததும் அதுதான். கறுப்பில், குதிகால் உயரம் இல்லாத, முன்பக்கம் மூடிய ஒரு ஜோடி காலில் இருக்கட்டும். அது சேலைக்கும் பொருந்தும், பேன்ட்டுக்கும் பொருந்தும். அறைக்குள் போட ஒரு ரப்பர் செருப்பு பெட்டியில். மூன்றாவது ஜோடிக்கு நான் அனுமதி தரமாட்டேன்.

துணி விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். கஞ்சி போட்ட பருத்திச் சேலையைப் போல அழகு வேறு எதற்கும் இல்லை, ஆனால் அது வீட்டிலிருந்து அலுவலகம் போய்வரும் சேலை. பருத்தி ஈரத்தை உறிஞ்சும். ஈரமான இழை மடங்கிய நிலையிலேயே காய்ந்தால் அந்த மடிப்பு அப்படியே நின்றுவிடும். வியர்த்து, ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் பின்புறம் என்ன கோலத்தில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். லினனும் இதே கதைதான், விலை மட்டும் கூடுதல். பயணத்துக்கு கிரேப், ஜார்ஜெட், பாலியெஸ்டர் கலந்த பருத்தி, மெல்லிய பட்டு ஆகியவை நல்லவை. முழு பாலியெஸ்டர் கசங்காது, சீக்கிரம் காயும். ஆனால் வியர்வை வாடையைப் பிடித்துக்கொள்ளும். எனவே சேலை கலப்பாக இருந்தாலும் ரவிக்கை பருத்தியாகவே இருக்கட்டும். ஓணத்துக்கு உடுத்தும் கசவுச் சேலையைப் பெட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அந்த வெள்ளைக்கு ஒரு ரயில் இருக்கை போதும்.

அடுக்கும் முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். சேலையைக் கடையில் மடித்திருந்தபடி அழுத்தி மடிக்காதீர்கள். நீளவாக்கில் அகலமாக மடித்துப் பரப்பி, அதன் நடுவில் ரவிக்கையையும் பாவாடையையும் வைத்து, தளர்வாகச் சுருட்டுங்கள். உள்ளே மெத்தென்று ஒன்று இருப்பதால் கூர்மையான மடிப்பு விழாது. காலையில் எடுத்தால் முழு உடையும் ஒன்றாகவே கைக்கு வரும். ஊக்குகளை ஒரு சிறு டப்பியில் போட்டு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அடியில் போட்டால் தேவைப்படும்போது நிச்சயம் கிடைக்காது.

இனி நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் மட்டும் படுகிற ஒரு பாடு. ஜூன் தொடங்கி தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். இங்கே தக்கலைப் பக்கம் கொடியில் போட்ட துணி இரண்டு நாளாகியும் முழுதாகக் காய்ந்திருக்காது. கைக்குக் காய்ந்தது போலத் தெரியும், மடிப்புக்குள் ஈரம் நிற்கும். அதைப் பூட்டிய பெட்டிக்குள் இரவு முழுக்க வைத்துச் சென்னையில் திறந்தால் ஒரு புழுங்கல் வாடை அடிக்கும். நறுமணத் திரவியம் தெளித்தால் இரண்டு வாடையும் சேர்ந்து இன்னும் மோசமாகும். பயணத்துக்கான துணியை இரண்டு நாள் முன்பே துவைத்து, காற்றாடிக்குக் கீழே விரித்து உலர்த்துங்கள். முந்தைய நாள் மாலை தேய்த்து, சூடு முழுவதும் ஆறும்வரை தொங்கவிட்டு, பிறகு அடுக்குங்கள். தேய்த்த சூட்டோடு மடித்தால் இஸ்திரியில் தெளித்த நீராவியும் கூடவே பெட்டிக்குள் போகிறது, தேய்த்ததே வீண். புதிய கைப்பையோடு வரும் சின்ன சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் வைத்திருந்து, பெட்டியின் மூலைகளில் போடுங்கள். அலமாரியில் பாச்சை உருண்டையோடு கிடந்த பட்டுச் சேலையை நேரே எடுத்து வைக்கவே கூடாது. ஒரு நாளாவது நிழலில் காற்றாட விடுங்கள். நீங்கள் பேசும்போது எதிரே இருப்பவர் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தால் பருப்பின் விலை எப்படிப் படியும்?

போன இடத்தில் துவைப்பது எளிது. ரவிக்கையையும் உள்ளாடையையும் இரவே அலசி, பிழிந்து, காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, அந்தச் சுருளை நன்றாக அழுத்துங்கள். பாதி ஈரத்தைத் துண்டே குடித்துவிடும். குளிர்பதன அறையின் காற்றில் ஈரப்பதம் குறைவு என்பதால், நம் வீட்டுக் கொடியைவிட அங்கே வேகமாகவே காயும். சேலையில் லேசான சுருக்கம் இருந்தால் குளிக்கும்போது குளியலறையில், நீர் தெறிக்காத இடத்தில் தொங்கவிடுங்கள். வெந்நீர் ஆவியில் தளரும். பெரும்பாலான விடுதிகளில் கேட்டால் இஸ்திரிப் பெட்டியும் தருவார்கள். நாம்தான் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

பயணத்தை எதில் போகிறீர்கள் என்பதும் உடையைத் தீர்மானிக்கும். மாலையில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் சென்னை. இறங்கி நேராகச் சந்திப்புக்குப் போவதாக இருந்தால், ஆடும் ரயிலின் கழிவறையில் சேலை கட்டும் வீரம் வேண்டாம். நிலையத்தின் பெண்கள் காத்திருப்பு அறையில் முகம் கழுவி நிதானமாகக் கட்டிக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டு கடைசியில் தொடங்கிய நாகர்கோவில் வந்தே பாரத், மதியம் கிளம்பி அன்றிரவே சென்னை சேர்த்துவிடுகிறது. அறையில் தூங்கி எழுந்து புதிதாகக் கிளம்பலாம். ஆனால் விடுதிக்கு ஒரு நாள் வாடகை கூடும், அதை அலுவலகத்தில் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து விமானம் என்றால் உள்நாட்டுப் பயணத்தில் கைப்பெட்டிக்குப் பொதுவாக 7 கிலோதான் அளவு. உங்களுக்கு அதில் இன்னொரு பங்காளி உண்டு: சாம்பிள் பாக்கெட்டுகள். கால் கிலோ பாக்கெட் எட்டு எடுத்தால் 2 கிலோ போயிற்று. முதலில் சாம்பிளை எடை போடுங்கள், மிச்சம்தான் துணிக்கு. பவர் பேங்கைக் கையோடுதான் கொண்டுபோக வேண்டும், சரக்கில் அனுப்பும் பெட்டியில் வைக்கக் கூடாது. டெல்லியில் இருக்கும் உறவினருக்கு என்று யாராவது கொப்பரை தந்தால் வாங்காதீர்கள். எண்ணெய் மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் விமானத்தில் அனுமதியில்லை. நேந்திரங்காய் சிப்ஸ் தாராளமாகப் போகும், ஆனால் ஒரு கிலோ சிப்ஸ் பிடிக்கும் இடத்தில் உங்கள் இரண்டு சேலையும் அடங்கிவிடும்.

டெல்லி ஜனவரிக்குப் பயந்து தடித்த கம்பளிச் சட்டை வாங்கிவிடாதீர்கள். அங்கே சில இரவுகளில் குளிர் 5 டிகிரிக்கும் கீழே போகும், உண்மைதான். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் அந்தச் சட்டை அலமாரியில் பூஞ்சை பிடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. உடலோடு ஒட்டிய மெல்லிய தெர்மல் உள்ளுடை ஒரு செட், முழங்கால்வரை வரும் காலுறை இரண்டு ஜோடி, கருநீலத்தில் ஒரு பிளேசர். தெர்மலின் கீழ்ப்பாதியைச் சேலைக்குள் போட்டால் யாருக்கும் தெரியாது. மேலே, கழுத்து மூடிய முழுக்கை பின்னல் சட்டையையே ரவிக்கைக்குப் பதிலாகப் போட்டுச் சேலை கட்டலாம். வடக்கே குளிர்காலத்தில் பலர் அப்படித்தான் கட்டுகிறார்கள், பார்க்கவும் மிடுக்காக இருக்கும். பிளேசரைப் பெட்டியில் வைக்காமல் கையிலோ உடம்பிலோ கொண்டுபோங்கள். அந்த மாதத்தில் மூடுபனியால் விமானமும் ரயிலும் மணிக்கணக்கில் தாமதமாவது வழக்கம் என்பதால், ஒரு செட் உள்ளாடையும் பல் துலக்கும் பொருள்களும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

நகை பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும், இரவு ரயிலில் கழுத்துச் சங்கிலி தவிர வேறெதுவும் வேண்டாம். காதில் ஒரு சின்னத் தோடு எல்லா உடைக்கும் போதும்.

அம்மா விஷயம். "மக்களே, ஒன்று கூடுதலாக இருந்தால் என்ன, கிடக்கட்டும்" என்று அவர் வைப்பதைத் தடுக்க முடியாது. வாதாடாதீர்கள். பெட்டியை அடுக்கி முடித்ததும் அவரிடமே கொடுத்து, படி இறங்கி வாசல்வரை தூக்கிவரச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பெட்டி. 55 சென்டிமீட்டர் உயரம், 35 அகலம், 25 தடிமன் என்ற அளவுக்கு மேல் போகாதீர்கள். விமானத்தில் தலைக்கு மேல் வைப்பதற்கும், ரயிலில் கீழ்ப்படுக்கைக்கு அடியில் தள்ளுவதற்கும் அது சரியாக இருக்கும். வெறும் பெட்டியே 3 கிலோவுக்கு மேல் இருந்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கடையிலேயே விட்டுவிடுங்கள். கடைக்காரர் வழவழத் தரையில் நான்கு சக்கரத்தையும் சுழற்றிக் காட்டுவார். நீங்கள் அழகியமண்டபத்தில் பேருந்து ஏறி, நாகர்கோவில் நிலையத்தில் நடைமேடை மாறப் போகிறவர். ஐந்து கிலோ அரிசிப் பையைக் கடையிலேயே உள்ளே வைத்து, ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.