பக்கத்தைக் கிழிக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 41. பள்ளி நாட்களில் நன்றாக வரைவேன். மறுபடி தொடங்கலாம் என்று ஆறு மாதத்துக்கு முன் நல்ல ஸ்கெட்ச் நோட்டு ஒன்று வாங்கினேன். படம் சரியாக வராவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன். இப்போது பாதி நோட்டுதான் மிச்சம். டைரி எழுதவும் ஆசை. காகிதம் வெட்டி ஒட்டிப் படம் செய்யவும் ஆசை. ஆனால் அது குழந்தைகள் வேலை என்று கூச்சமாக இருக்கிறது. இந்த வயதில் எனக்குக் கை வருமா?

பதில்: வரும். ஆனால் முதலில் கிழிப்பதை நிறுத்துங்கள்.

பள்ளியை விட்ட பிறகு இத்தனை வருடங்களில் எத்தனையோ நல்ல படங்களைப் பார்த்து உங்கள் கண் தேறிவிட்டது. கை அன்று விட்ட இடத்திலேயே நிற்கிறது. நீங்கள் ‘கெட்டுப்போன பக்கம்’ என்பது இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான். வரைய வரையத்தான் அது குறையும். குறைகிறதா என்று பார்க்கப் பழைய பக்கம் கையில் இருக்க வேண்டாமா?

இன்று ஒன்று செய்து பாருங்கள். பென்சில் பிடிக்காத கையை மேசையில் வைத்து, காகிதத்தைப் பார்க்காமல் அந்தக் கையை மட்டுமே பார்த்து வரையுங்கள். விரல் ஓரமாக எறும்பு ஊர்வதுபோல் கண் நகரட்டும். அதே வேகத்தில் பென்சிலும் நகரட்டும். மென்மையான 2பி பென்சில் போதும், ரப்பர் வேண்டாம். ஐந்து நிமிடம் கழித்துக் குனிந்து பார்த்தால் படம் கோணல்மாணலாக இருக்கும், ஒரு விரல் எங்கோ போயிருக்கும். ஆனால் ஏதாவது ஒரு மடிப்பில் கோடு அச்சாக உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு கோட்டுக்காகவே இந்தப் பயிற்சி எனக்குப் பிடிக்கும்.

கையால் பிடிக்க முடியாததைப் பக்கத்திலேயே எழுதுங்கள்: ‘கட்டைவிரல் நகத்தில் வெள்ளைக் கீற்று, இன்றுதான் பார்த்தேன்.’ டைரி என்று தனி நோட்டு எதற்கு? லியோனார்டோ டா வின்சி விட்டுச்சென்ற சுமார் 7,000 பக்கங்களில் படமும் எழுத்தும் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கின்றன.

வெட்டி ஒட்டுவதில் கூச்சமே வேண்டாம். பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1941-ல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு நின்று வரைய முடியாமல் போனார். வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரியால் வெட்டி அவர் அடுக்கிய படங்களை இன்றும் உலகம் நின்று பார்க்கிறது.

பிடிக்காத பக்கம்தான் இந்த வேலைக்கு நல்ல அடித்தளம். வெற்றுத் தாளில் கை தயங்கும். ஏற்கெனவே கோடு விழுந்த தாளில் தயங்காது. மெழுகுவர்த்தியை அதன்மேல் அழுத்தித் தேய்த்து நீர்வண்ணம் பூசினால், மெழுகு பட்ட இடம் தண்ணீரை ஏற்காமல் வெள்ளையாக நிற்கும். பழைய கடித உறையின் உட்புறக் கோலத்தைக் கிழித்து ஒட்டுங்கள், பழைய படத்தின் ஒரு மூலை மட்டும் வெளியே தெரியட்டும். கிழிக்கும் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளலாம்! அல்லது வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தை மெல்லப் பூசி, காய்ந்த பின் மேலே வரையுங்கள். அடியிலிருந்து நிழலாகத் தெரியும் கோடுகள் புதுப் படத்துக்கு ஆழம் தரும்.

சில நடைமுறைகள். 80 ஜிஎஸ்எம் தாள் (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஈரப்பசையில் சுருண்டுவிடும். பசைக்குச்சி பயன்படுத்துங்கள், அல்லது இரண்டு தாள்களைச் சேர்த்து ஒட்டித் தடிமனாக்குங்கள். நீர்வண்ணம் நிறையப் பூசுவதென்றால் 300 ஜிஎஸ்எம் தாள் நல்லது. செய்தித்தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் இருப்பதால் வெயில் பட்டு மஞ்சளாகப் பழுக்கும். அது பிடிக்காவிட்டால் நல்ல தாளில் நகலெடுத்து ஒட்டுங்கள். பேனாக் கோட்டின்மேல் வண்ணம் பூசும் முன் ஓரத்தில் ஈரத் தூரிகையால் தொட்டுப் பாருங்கள், மை கரையக்கூடும்.

பாதியாகிவிட்ட நோட்டைப் பற்றி வருந்தவே வேண்டாம். ஒட்டுவேலை செய்பவர்கள் வேண்டுமென்றே இடையிடையே தாள்களை வெட்டி எடுப்பதுண்டு. இல்லாவிட்டால் ஒட்ட ஒட்ட நோட்டு உப்பி, முதுகு பிளந்துவிடும். உங்கள் நோட்டில் அந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது. தையல் நோட்டாக இருந்தால், கிழித்த தாளோடு ஒரே தாளாக மடிந்திருந்த ஜோடித் தாள் ஆடிக்கொண்டிருக்கும். கிழித்ததில் மிஞ்சிய அடிக்கட்டையோடு சேர்த்து அதை ஒட்டிவிடுங்கள்.

கிழித்த பக்கங்களை எறிந்துவிட்டீர்களா? ஏதாவது மிச்சமிருந்தால் இன்றே தேடி எடுத்து, துண்டுகளாக்கி, நோட்டில் இப்போது முதலாவதாக இருக்கும் தாளில் ஒட்டுங்கள். மேலே தேதி போட மறக்காதீர்கள்.