ஆய்வுகூடத்துக்குள் ஒரு சிலுவைச் சங்கிலி: ஹட்டன் தங்கச்சிக்கு

தங்கச்சி, இலங்கை மலையகத்து ஹட்டனில் இருந்து இங்கிலாந்துக்குப் பிஎச்டி செய்ய வந்து மூன்று மாதம் என்று எழுதியிருந்தீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நீங்கள் கண்ணை மூடியதைப் பார்த்த ஒருவர் "மரபணுவில் வேலை செய்துகொண்டு இதையெல்லாம் நம்புகிறாயா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் இருக்கிறேன், இது சரிதானா என்று கேட்கிறீர்கள்.

எனக்குச் சரியாகப் படவில்லை. நானும் இரண்டு வருஷம் அதையேதான் செய்தேன், அதனால் சொல்கிறேன்.

நான் மடுல்சீமைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து எடுத்தவர், தாத்தா தோட்டத்து உபதேசியார், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் இரவு ஜெபம் முடியாமல் சாப்பாடு கிடையாது. இங்கே வந்து தாவர நோயியல் ஆய்வுகூடத்தில் சேர்ந்தபிறகு, திங்கட்கிழமை காலையில் வார இறுதி எப்படிப் போனது என்று கேட்டால் கடைக்குப் போனேன், தூங்கினேன் என்று ஏதாவது சொல்லிவிடுவேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து கையில் வேதாகமத்தோடு வெளியே வரும்போது கூட வேலை செய்தவர் ஒருவர் எதிரே வந்துவிட்டார். மறுநாள் அவர் கேலி செய்யவில்லை. "இதற்கு எதற்குப் பொய்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. குறிப்பேட்டில் நான் எழுதும் அளவுகளை நம்பித்தான் அவர் தன் அடுத்த பரிசோதனையைத் தொடங்குகிறார். அப்படிப்பட்ட மனிதரிடம் ஒவ்வொரு வாரமும் பொய் சொல்லியிருக்கிறேன், அதுவும் விசுவாசத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு.

ஊரில் நமக்கு இந்தச் சிக்கல் வேறு மாதிரி. தோட்டத்தில் மாரியம்மன் கோயில் திருவிழா நடக்கும், நாம் பூசைக்குப் போகமாட்டோம், ஆனால் பந்தலுக்குக் கம்பு தூக்குவோம், கிறிஸ்மஸுக்கு அவர்கள் நம் வீட்டில் பலகாரம் சாப்பிடுவார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்குப் போகிறவரும் சேப்பலுக்குப் போகிறவரும் ஒரே விடுதி அறையில் இருப்பார்கள். அங்கே நம்மைக் கேட்டது 'எந்தச் சாமி' என்றுதான். இங்கே 'சாமி என்று ஒன்றா' என்கிறார்கள். நமக்கு அந்தக் கேள்வி பழக்கமில்லை, அதனால் அவமானமாகத் தெரிகிறது. பெரும்பாலும் அதில் அவமதிப்பு இல்லை, உண்மையான ஆச்சரியம்தான் இருக்கும்.

அப்புறம் உங்களைக் கேட்டவரிடம் என்ன சொல்வது? மனித மரபணுத் தொகுதித் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் காலின்ஸ் வெளிப்படையான கிறிஸ்தவர், மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் ஒரு துறவி, இதெல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றைச் சான்றிதழ் மாதிரி நீட்டாதீர்கள். காலின்ஸ் நம்புகிறார் என்பதற்காகவா நீங்கள் நம்புகிறீர்கள்? எனக்கு உதவியது வேறொருவர் கதை, அது நம் ஊர்க் கதையும்கூட. 1869ல் நம் மடுல்சீமைப் பக்கம்தான் கோப்பி இலையில் அந்தத் துரு நோய் முதலில் தெரிந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த துவெயிட்ஸ் அனுப்பிய மாதிரியைப் பார்த்து, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அந்தப் பங்கசுக்கு, அதாவது பூஞ்சைக்கு, பெயர் வைத்து விவரித்தவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி. அவர் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். அந்தத் துருவால்தான் கோப்பி அழிந்து தேயிலை வந்தது, கோப்பிக்கு வந்த நம் பூட்டன்மாரின் பிள்ளைகள் கொழுந்துக் கூடை தூக்கினார்கள். இதே பெர்க்லி அதற்கு முன்பே, 1846ல், அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு அழுகலைப் பற்றி எழுதினார். ஈர வானிலைதான் காரணம் என்று படித்தவர்கள் பலர் சொன்னார்கள், தேவதண்டனை என்றவர்களும் இருந்தார்கள். இந்தப் போதகரோ நுண்நோக்கியில் பார்த்து, இது பங்கசு செய்கிற வேலை என்றார். ஆண்டவரைக் காரணமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளாமல் பார்த்ததைச் சொன்னதே அவருடைய சாட்சி என்று நான் நினைக்கிறேன். "ஆமாம், நம்புகிறேன், அதனால்தான் இதைக் கவனமாகப் பார்க்கிறேன்" என்று நீங்களும் சொல்லலாம். பேச்சு அதோடு நின்றால் நிற்கட்டும்.

ஆய்வேட்டில் ஆண்டவருக்கு நன்றி எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நன்றியுரைப் பக்கத்தில் தாராளமாக எழுதுங்கள், அது உங்கள் பக்கம், நான் முதல் வரியிலேயே எழுதினேன். முடிவுகளிலும் விளக்கத்திலும் வேண்டாம். 2016ல் மனிதக் கையின் அசைவைப் பற்றிச் சீன ஆய்வாளர்கள் பிளோஸ் ஒன் என்ற அறிவியல் இதழில் எழுதிய கட்டுரையில் 'படைத்தவரின் வடிவமைப்பு' என்ற மாதிரி ஒரு சொல் வந்துவிட்டது. ஆங்கிலம் சரியாகப் புரியாமல் எழுதிவிட்டோம் என்று அவர்கள் சொல்லியும், இரண்டு மாதத்துக்குள் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அது கொஞ்சம் கடுமைதான். ஆனாலும் அளந்து காட்ட முடிந்ததை மட்டும் அந்தப் பகுதியில் எழுதுவது நம் விசுவாசத்துக்குக் குறைவில்லை.

சங்கிலியை வெளியே போடுங்கள். ஆய்வுகூடத்துக்குள் மட்டும் கோட்டுக்குள் விடுங்கள், அது தொங்குகிற எல்லா நகைக்கும் உள்ள பாதுகாப்பு விதி. சாப்பாட்டு ஜெபத்தை மனதுக்குள் செய்தால் போதும். குழுவின் வாட்ஸப்பில் காலை வசனம் அனுப்பாதீர்கள், நம் ஆட்கள் அன்போடு செய்கிற இந்தக் காரியம் இங்கே தொந்தரவாகத்தான் போய்ச் சேரும். இளநிலை மாணவருக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்கும்போது, அவர்களாகக் கேட்காமல் விசுவாசத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், அவர்களுடைய புள்ளி உங்கள் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை பப்புக்குக் கூப்பிட்டால் போங்கள், ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் குடும்பங்களை என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்த நமக்கு, குடிக்காததுதான் கிறிஸ்தவம் என்று ஆகிவிட்டது. மற்றவர்களும் நம்மை அப்படி மட்டுமே தெரிந்துகொண்டால் அது எனக்கு வருத்தம்.

ஞாயிறு காலை செல்கள் வளரும் சத்துக் கரைசலான ஊடகத்தை மாற்றும் முறை உங்கள் பெயரில் விழுகிறது என்றீர்களே, அதை வாய் திறந்து கேட்டே ஆக வேண்டும். 2010ம் வருஷத்துச் சமத்துவச் சட்டம் மத நம்பிக்கையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது, நம்பிக்கை இல்லாதவருக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஆனால் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், மாற்று ஏற்பாட்டோடு போங்கள். எங்கள் குழுவில் ஒரு முஸ்லிம் சகோதரி ஞாயிறு காலையைப் பார்த்துக்கொண்டார், நான் வெள்ளி மதியத்தையும் இரண்டு பெருநாளையும் எடுத்துக்கொண்டேன். நான்கு வருஷம் அப்படியே ஓடியது. டிசம்பர்ப் பட்டியல் போடுவதற்கு முன்னால், இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.