மடித்தால் பொருந்தாத ராசா

அன்புள்ள அக்கா,

மகளுக்கு ஆறு வயது. சமச்சீர் படிப்பிக்க என்று பள்ளிக்கூடத்தில் கடதாசியின் ஒரு பாதியில் பெயின்ட் பூசி, மடித்து அழுத்தி, வண்ணத்துப்பூச்சி செய்விக்கிறார்கள். இவள் விரித்த பிறகு ஒரு செட்டைக்கு மட்டும் நீலம் பூசிவிட்டாள். பிழை என்று ரீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டில் பத்துத் தரம் செய்ய வைத்தேன், அழுகிறாள். இந்த வயதுக்கு இது கூடவா? எந்தப் பெயின்ட் நல்லது?

ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

பத்துத் தரமா! முதலில் அதை நிப்பாட்டுங்கள். ரீச்சருக்காவது வகுப்பு நிறையப் பிள்ளைகள், உங்களுக்கு என்ன வந்தது? வயதை விடுங்கள், அது ஒரு பிரச்சினையே இல்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்த மடிப்புதான். சமச்சீர் என்றதும் ஏன் எல்லாரும் மடிக்கத் தொடங்குகிறோம்? கொட்டாஞ்சேனையில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சமச்சீரான பொருள் ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். கடதாசிக் காற்றாடி ஒன்றை ஈர்க்கில் குத்திக்கொண்டு போனேன். ரீச்சர் அதை நடுவில் மடித்துப் பார்த்தார், பொருந்தவில்லை, கசங்கினதைத் திருப்பித் தந்தார். பின்னேரம் அப்பா முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடிக்கொண்டிருந்தார். என் அழுகையைக் கேட்டவர் கையிலிருந்த ராசாவை (மூன்றே புள்ளி, பெரிய நட்டமில்லை) எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். அதே ராசா. "இப்ப இதை மடிச்சுப் பொருத்து பாப்பம்" என்றார். எப்படி மடிப்பது, முகமே ஒரு பக்கம் அல்லவா பார்க்கிறது! சீட்டை எல்லாரும் கண்டதில் அந்த ஆட்டம் அப்பாவுக்குத் தோல்வி.

காற்றாடியும் அப்படித்தான், மடிக்கப் பொருந்தாது, கால்வட்டம் திருப்பினால் பொருந்தும். அதுவும் சமச்சீர்தான். வாசலில் போடும் புள்ளிக் கோலங்களிலும் மடிப்புக்கு மசியாமல் திருப்பினால் மட்டும் பொருந்துகிறவை எத்தனையோ இருக்கின்றன. வெசாக் வெளிச்சக்கூட்டுக்கு ஒட்டும் மெல்லிய கடதாசியை ஒரு கோலத்தின் மேல் வைத்து மகளைப் பிரதி எடுக்கச் சொல்லி, நடுவில் குண்டூசி குத்தி, மெதுவாகத் திருப்ப விடுங்கள். அப்புறம் எழுத்துகள். ப மடிக்கப் பொருந்தும், திருப்பினால் வேறென்னவோ ஆகிவிடும். ஃ புள்ளிகளைச் சம தூரத்தில் வைத்தால் மூன்று விதமாக மடிக்கலாம், மூன்று தரம் திருப்பவும் செய்யலாம். சமச்சீர் அச்சு, அது இது என்று சொல்லி மட்டும் வெருட்டாதீர்கள்.

நீலச் செட்டை சமச்சீர் இல்லைதான், அதில் ரீச்சரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஏன் பூசினாய் என்று ஒருவராவது கேட்டீர்களா? இரண்டும் ஒன்றாக இருப்பதைக் கண்ட பிள்ளைக்குத்தானே ஒன்றை மாற்றிப் பார்க்கத் தோன்றும். பாவம், அதற்குப் பத்துத் தரம்.

பெயின்டா? எதுவும் சரி, தண்ணீர் அதிகம் விடாமல் பாருங்கள். மடிக்கும்போது ஓடிவிடும்.